மோம்பாசாவிலிருந்து கிகாலி வரை: எல்லைகள் இடம்பெயரும் ஒரு சாலை

கென்யாவின் மோம்பாசாத் துறைமுகத்தில் தொடங்கி நைரோபி, மலாபா, கம்பாலா வழியாக ருவாண்டாவின் தலைநகர் கிகாலி வரை ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் நீளும் சாலை, கிழக்கு ஆப்பிரிக்க ஆவணங்களில் வடக்குப் பெருவழி என்று குறிக்கப்படுகிறது. உகாண்டா, ருவாண்டா, புருண்டி, தெற்கு சூடான் ஆகிய கடற்கரையற்ற நாடுகளும் காங்கோவின் கிழக்கு மாகாணங்களும் பெட்ரோல், உரம், கோதுமை, இரும்பு, மருந்து எனத் தமக்கு வேண்டியவற்றில் பெரும்பகுதியை இவ்வழியாகவோ, தான்சானியாவின் தார்எஸ்ஸலாமிலிருந்து வரும் மத்தியப் பெருவழியாகவோதான் பெற முடியும். நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வணிக உடன்படிக்கைகள் சந்தையை எப்படி மாற்றுகின்றன என்பதை மாநாட்டுத் தீர்மானங்களில் படிப்பதைவிட இச்சாலை நெடுகப் பார்த்தால் தெளிவாக விளங்கும். ஏனெனில் இங்கே எல்லை என்பது வரைபடத்தில் கோடு விழுந்த இடத்தில் நிற்பதில்லை, வரி எங்கே கணக்கிடப்படுகிறதோ, சரக்கு யாரால் நிறுத்தப்படுகிறதோ அங்கே போய் நிற்கிறது.

மோம்பாசா ஒரு தீவு நகரம். அதன் கிழக்குக் கரையில் போர்த்துகீசியர் 1593-இல் கட்டத் தொடங்கிய ஜீசஸ் கோட்டையும், அரேபியாவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் பருவக்காற்றைப் பிடித்து வந்த பாய்மரக் கலங்கள் நின்ற பழைய துறையும் இருக்கின்றன; மேற்கே, ஆழம் மிகுந்த கிலிண்டினி நீர்ப்பரப்பில், இன்றைய துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் வரிசையாக நிற்கின்றன. ஆங்கிலேயர் 1896-இல் இங்கிருந்து இருப்புப்பாதை போடத் தொடங்கி, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளரின், பெரும்பாலும் பஞ்சாபியரின், உழைப்பால் 1901-இல் விக்டோரியா ஏரிக்கரையை எட்டியபோது, கடலும் உள்நாடும் ஒரே வணிகக் கணக்கில் சேர்ந்தன. கென்யாவும் உகாண்டாவும் 1917-இலேயே ஒரு சுங்க ஒன்றியமாயின, அதாவது ஒன்றுக்கொன்று வரி வாங்காமல் வெளியுலகச் சரக்குக்கு ஒரே வரி வாங்கும் கூட்டாயின. அவை விடுதலை பெற்ற நாடுகளானது அதற்கு நெடுங்காலம் கழித்துத்தான். இப்பகுதியில் பொதுச் சந்தை என்பது நாடுகளை விடப் பழையது என்பதை மறந்துவிட்டால், பின்னர் நேர்ந்த பிளவுகளின் வலியும் புரியாது.

துறைமுகத்தில் இறங்கும் ஒரு கன்டெய்னர் கம்பாலாவுக்குச் செல்ல வேண்டியதாக இருந்தால், பத்தாண்டுகளுக்குச் சற்று முன்புவரை அது கடவுச் சரக்காக, அதாவது கென்யாவில் விற்கப்படாமல் கடந்து மட்டும் செல்லும் சரக்காக, பதியப்பட்டது. வழியில் அது கென்யச் சந்தையில் இறக்கப்பட்டுவிட்டால் கென்ய அரசுக்கு வரி இழப்பு நேரும் என்பதால், அவ்வரித் தொகைக்கு ஈடான பிணைப்பத்திரம் ஒன்றை இறக்குமதியாளர் கொடுக்க வேண்டியிருந்தது. எல்லையில் கென்ய அதிகாரிகள் முத்திரையைச் சரிபார்த்துப் பிணையை விடுவிக்க, மறுபுறத்தில் உகாண்டா அதிகாரிகள் அதே சரக்குக்கு முதலிலிருந்து கணக்குப் போட்டனர். ஒற்றைச் சுங்கப் பிரதேசம் என்ற ஏற்பாடு 2014 வாக்கில் நடைமுறைக்கு வந்தபோது இவ்வரிசை தலைகீழானது. உகாண்டாவின் வருவாய்த்துறை அலுவலர்கள் மோம்பாசாவிலேயே அமர்த்தப்பட்டனர். கம்பாலா வணிகர் தம் நாட்டுச் சுங்கக் கணினியில் சரக்கை அறிவித்து, வரியைத் தம் ஊர் வங்கியில் செலுத்திய பின்னரே கன்டெய்னர் துறைமுக வாயிலைக் கடக்கிறது. மோம்பாசாவிலிருந்து கம்பாலாவுக்கு 18 நாட்கள் பிடித்த பயணம் 4 நாட்களாகவும், கிகாலிக்கு 21 நாட்கள் பிடித்தது 6 நாட்களாகவும் குறைந்ததாக அரசுகள் அறிவித்தன. இக்கணக்கு எல்லா லாரிகளுக்கும் எல்லா மாதங்களிலும் பொருந்தும் என்று கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் உகாண்டாவின் வரி எல்லை 900 கிலோமீட்டருக்கும் மேல் நகர்ந்து கடற்கரைக்கே வந்துவிட்டது என்பது உண்மை. அந்த நகர்வுக்கு விலையும் உண்டு. சரக்கு வந்து சேர்ந்து, விற்கத் தொடங்கிய பிறகு வரியைக் கட்டிப் பழகிய சிறு இறக்குமதியாளர்கள், கடலோரத்தில் சரக்கு கிடக்கும்போதே அந்தப் பணத்தைத் திரட்ட வேண்டியவர்களானார்கள்.

மோம்பாசாவை விட்டுக் கிளம்புமுன் அங்கு நடக்கும் தேயிலை ஏலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1956-இல் நைரோபியில் தொடங்கி 1969-இல் இங்கு மாறிய இந்த ஏலத்தில் கென்யத் தேயிலையோடு உகாண்டா, ருவாண்டா, தான்சானியா உள்ளிட்ட பல நாடுகளின் தேயிலையும் டாலர் விலையில் விற்பனையாகிறது. வாங்குவோரில் முதலிடம் பாகிஸ்தானுக்கு. அதே பாகிஸ்தானிலிருந்து கப்பலில் வந்து இறங்கும் பொருள்களில் முக்கியமானது அரிசி. கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் தன் உறுப்பு நாடுகள் வெளியுலகச் சரக்கு மீது விதிக்க வேண்டிய வரியைப் பொது வெளிச் சுங்கவரி என்ற பெயரில் வகுத்திருக்கிறது. மூலப்பொருளுக்கு வரி இல்லை, இடைநிலைப் பொருளுக்கு 10 விழுக்காடு, முழுமையாகச் செய்து முடித்த பொருளுக்கு 25 என்று 2005-இல் தொடங்கிய அது, 2022 ஜூலையில் 35 விழுக்காடு என்ற நான்காம் படியையும் பெற்றது. இப்படிகளுக்கு மேலே, உள்ளூர் உழவரைக் காக்க வேண்டிய பொருள்களுக்கென்று தனிப்பட்டியல் ஒன்று உண்டு. அதில் அரிசிக்கு 75 விழுக்காடு. கென்யாவோ அந்த விகிதத்தைத் தனக்கு நிறுத்தி வைக்கும்படி ஆண்டுதோறும் அனுமதி பெற்று 35 விழுக்காடே வாங்கி வந்திருக்கிறது. நகர மக்களுக்கு அரிசி விலை ஏறாமல் இருக்கவும், தேயிலையை வாங்கும் நாட்டின் மனம் கோணாமல் இருக்கவும் கென்யா செய்யும் இத்தேர்வு, நெல் விளைவிக்கும் தான்சானிய உழவரின் பாதுகாப்பைத் தளர்த்துகிறது. ஒரு கோப்பைத் தேநீருக்கும் ஒரு தட்டுச் சோற்றுக்கும் இடையே இத்தனை அரசுகள் நிற்கின்றன.

மோம்பாசாவிலிருந்து நைரோபிக்குச் செல்லும் சாலைக்கு இணையாக, சீனக் கடனில் கட்டப்பட்டு 2017-இல் திறக்கப்பட்ட புதிய இருப்புப்பாதை ஓடுகிறது. சாவோ வனப்பகுதியில் யானைகள் அடியில் கடந்து செல்லும்படி அது உயரமான மேடுகள் மீதும் பாலங்கள் மீதும் அமைந்திருக்கிறது. இந்தக் கடன் திரும்ப வேண்டுமானால் ரயிலுக்குச் சரக்கு வேண்டும் என்பதால், கன்டெய்னர்களை ரயிலிலேயே ஏற்ற வேண்டும் என்று கென்ய அரசு வற்புறுத்திய ஆண்டுகளில், லாரி ஓட்டுநர்களை நம்பிப் பிழைத்த வோய், மிடிடோ அண்டேய் போன்ற சாலையோர ஊர்களின் உணவுக்கடைகளும் தங்கும் விடுதிகளும் வாடின; 2022-இல் புதிய அரசு அந்தக் கட்டாயத்தை நீக்கியது. மரியாகானியில் உள்ள எடைமேடையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. இங்கு அளக்கப்படும் அச்சுப்பாரத்தின், அதாவது லாரியின் அச்சுகள் சுமக்கலாகும் எடையின், வரம்பும் ஒரு நாட்டின் சட்டம் மட்டுமன்று, எல்லா உறுப்பு நாடுகளுக்கும் பொதுவாக இயற்றப்பட்டது. ஆனால் பொதுச் சட்டங்களால் காக்க முடியாத ஒன்று 2008 ஜனவரியில் வெளிப்பட்டது. கென்யத் தேர்தலைத் தொடர்ந்த வன்முறையில் நைரோபியின் கிபெரா குடிசைப் பகுதியில் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டு, மேற்கே சாலைகள் மறிக்கப்பட்டபோது, அத்தேர்தலில் வாக்களிக்காத உகாண்டாவிலும் ருவாண்டாவிலும் பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டது. கடலில்லாத நாட்டுக்கு அண்டை நாட்டின் அமைதியே துறைமுகம்.

நைரோபியின் கிகோம்பாச் சந்தையில் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் கட்டுக்கட்டாக வரும் பழைய துணிகள் பிரித்து விற்கப்படுகின்றன. மிடும்பா என்று அழைக்கப்படும் இத்துணி, ஏழை எளியவருக்குச் சட்டையும் ஆயிரக்கணக்கான சிறு வியாபாரிகளுக்குப் பிழைப்பும் தருகிறது, அதே வேளையில் உள்ளூர் நெசவாலைகளால் போட்டியிட முடியாத விலையையும் கொண்டுவருகிறது. சமூகத்தின் தலைவர்கள் 2016-இல், மூன்றாண்டுகளில் இவ்விறக்குமதியைப் படிப்படியாக நிறுத்துவது என்று முடிவு செய்தனர். அமெரிக்காவின் பழந்துணி வணிகர் சங்கம் அதை எதிர்த்து 2017-இல் தன் அரசிடம் முறையிட்டது. அம்முறையீட்டுக்குப் பிடி கொடுத்தது 2000-இல் அமெரிக்கா இயற்றிய ஆப்பிரிக்க வளர்ச்சி மற்றும் வாய்ப்புச் சட்டம். இது இருதரப்பும் பேசி எழுதிய உடன்படிக்கையன்று. ஆப்பிரிக்க நாடுகளின் பொருள்களுக்கு, குறிப்பாக ஆயத்த ஆடைகளுக்கு, வரிவிலக்கு அளிக்கும் ஒருதலைச் சலுகை. கொடுப்பவரே நிபந்தனை வகுத்து, கொடுப்பவரே திரும்பப் பெறவும் கூடியது. அமெரிக்காவுக்கு ஆடை தைத்து அனுப்பும் ஆலைகளில் பெருந்தொகையான வேலைவாய்ப்பைக் கொண்டிருந்த கென்யா விரைவில் பின்வாங்கியது. தான்சானியாவும் உகாண்டாவும் அதைத் தொடர்ந்தன. பழந்துணி வரியைக் கிலோவுக்கு 0.20 டாலரிலிருந்து 2.50 டாலராக உயர்த்திய ருவாண்டா மட்டும் தன் முடிவில் நின்றது, அதன் ஆடைகளுக்கான சலுகையை அமெரிக்கா 2018 ஜூலையில் நிறுத்தி வைத்தது. ஒரே சுங்க ஒன்றியத்தைச் சேர்ந்த நாடுகள் ஒரே கேள்விக்கு வெவ்வேறு விடை தந்ததற்குக் காரணம் கொள்கை உறுதியில் உள்ள வேறுபாடு மட்டுமன்று; ருவாண்டா இழக்கக்கூடியது சிறிது, கென்யா இழக்கக்கூடியது பெரிது.

நைரோபியைத் தாண்டியதும் சாலை செங்குத்தான சரிவில் இறங்கிப் பெரும்பிளவுப் பள்ளத்தாக்கை அடைகிறது. நைவாஷா ஏரியைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம்வரை நெகிழிக் கூரையிட்ட பசுமைக்குடில்கள் தென்படுகின்றன. அங்கு விளையும் ரோஜாக்கள் குளிரூட்டிய லாரியில் நைரோபி விமான நிலையத்துக்கும், அங்கிருந்து இரவு விமானத்தில் நெதர்லாந்துக்கும் போகின்றன. இம்மலர்களுக்கும் உகாண்டாவில் விளையும் மலர்களுக்கும் மணத்தில் வேறுபாடு இல்லாவிட்டாலும் ஐரோப்பியச் சுங்கத்தின் கண்ணில் இருந்தது. உகாண்டா, ருவாண்டா, தான்சானியா, புருண்டி ஆகியவை ஐக்கிய நாடுகள் சபையின் பட்டியலில் மிகவும் பின்தங்கிய நாடுகள். அவற்றின் பொருள்களை, ஆயுதங்கள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியம் 2001 முதல் வரியின்றி ஏற்கிறது. கென்யா அப்பட்டியலில் இல்லை. ஆகவே ஐரோப்பாவோடு சமூகம் மொத்தமாகப் பேசிய பொருளாதாரப் பங்காண்மை உடன்படிக்கையால் கென்யாவுக்கு உடனடி ஆதாயம். ஏற்கெனவே வரிவிலக்கு பெற்ற மற்றவர்களுக்கோ தம் சந்தையை ஐரோப்பியப் பொருளுக்குத் திறந்துவிட வேண்டிய சுமை. பேச்சு இழுபட்டு 2014 அக்டோபர் கெடு தவறியபோது, கென்ய மலர்கள் மீது ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஐரோப்பிய வரி விழுந்தது. 2016-இல் கென்யாவும் ருவாண்டாவும் கையெழுத்திட்டன, மற்றவை தயங்கின. இறுதியில் கென்யா தனியாகவே 2023 டிசம்பரில் ஐரோப்பாவோடு உடன்படிக்கை செய்துகொள்ள, அது 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்தது. தன் தொழிலாளரைக் காக்க கென்யாவுக்கு வேறு வழி இருக்கவில்லை என்பது நியாயமே. ஆயினும் வெளிச் சுங்கவரி பொதுவாக இருக்க வேண்டிய ஒன்றியத்தில் ஓர் உறுப்பு நாடு மட்டும் வெளியாருக்கு வரி குறைக்க ஒப்புக்கொள்வது அந்த ஒன்றியத்தின் அடித்தளத்தையே அசைக்கும் செயல் என்பதை மறுக்க முடியாது.

நகுருவுக்கு அப்பால் சாலை மலையேறி, திம்போரோவா அருகே நிலநடுக்கோட்டைக் கடந்து, எல்டோரெட், வெபூயே வழியாக மேற்கே இறங்குகிறது. ஒன்றியத்தின் அடித்தளம் அசைவது இப்பகுதிக்குப் புதிதன்று: கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் சேர்ந்து 1967-இல் அமைத்த முதல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் 1977-இல் உடைந்தது. தொழில்வளம் கென்யாவிலேயே குவிகிறது என்ற மனக்குறை, 1971-இல் உகாண்டாவில் ஆட்சியைப் பிடித்த இடி அமீனோடு ஒரே மேசையில் அமர தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே மறுத்தது, பொது ரயில்வே, பொது விமான நிறுவனம் பற்றிய கணக்குச் சண்டை எல்லாம் சேர்ந்து அதை முறித்தன. தான்சானியா கென்யாவுடனான தன் எல்லையை ஆறாண்டுகளுக்கு மேல் மூடி வைத்தது. 1999-இல் எழுதப்பட்ட இரண்டாம் சமூகத்தின் உடன்படிக்கையில் அந்த நினைவு இருக்கிறது. 2005-இல் சுங்க ஒன்றியம் தொடங்கியபோது உகாண்டா, தான்சானியச் சரக்குகள் கென்யாவுக்குள் உடனே வரியின்றி நுழைய, கென்யச் சரக்குகளில் ஒரு பகுதிக்கு மட்டும் அவ்விரு நாடுகளும் ஐந்தாண்டுக் காலம் குறைந்துகொண்டே வரும் வரியை வாங்கலாம் என்று வகுக்கப்பட்டது. வலியவர் முதலில் விட்டுக்கொடுத்த இந்த ஏற்பாடு, இவ்வுடன்படிக்கையில் உள்ள மிக அறிவார்ந்த பகுதி.

மலாபாவும் அதற்குத் தெற்கே புசியாவும் இரு நாடுகளிலும் ஒரே பெயர் கொண்ட இரட்டை ஊர்கள். இவ்விடங்களில் கட்டப்பட்டுள்ள ஒருநிறுத்த எல்லைச் சாவடிகளில், ஒரு நாட்டை விட்டு வெளியேறுவதற்கான சோதனையும் அடுத்த நாட்டில் நுழைவதற்கான சோதனையும், செல்லும் திசையில் உள்ள ஒரே கட்டடத்தில் நடக்கின்றன. உகாண்டாவுக்குச் செல்பவர் கென்யப் பக்கத்தில் நிற்கவே தேவையில்லை. புசியாவில் இக்கட்டடத்தை 2018 பிப்ரவரியில் இரு நாட்டு அதிபர்களும் முறைப்படி திறந்து வைத்தனர். லாரிகளுக்கு வழி சுருங்கியது பெரிய மாற்றம். எனினும் புசியாவின் உயிர் லாரிகளில் மட்டும் இல்லை. தலையில் வாழைத்தாரும், சைக்கிளில் மக்காச்சோள மூட்டையும், கூடையில் மீனும் தக்காளியுமாகக் கடப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2,000 டாலர் மதிப்புக்கு உட்பட்ட, சமூகத்துக்குள் விளைந்த பொருளுக்கு எளிய பிறப்பிடச் சான்றிதழ் ஒன்றை எல்லையிலேயே பெற்றுக்கொண்டு வரியின்றிக் கடக்கலாம் என்ற விதி இவர்களுக்காகவே எழுதப்பட்டது. பிறப்பிடச் சான்றிதழ் என்பது சரக்கு எந்த நாட்டில் விளைந்தது அல்லது செய்யப்பட்டது என்பதை உறுதிப்படுத்தும் தாள். ஆனால் அந்தத் தாள் சுங்கவரியிலிருந்து மட்டுமே விலக்கு அளிக்கும். சுகாதாரச் சான்று, தரச் சான்று, உள்ளூர் மன்றத்தின் கட்டணம் ஆகியவை அப்படியே நிற்கின்றன. இதை அறியாதவரும், இத்தனை சன்னல்களில் நிற்க நேரமில்லாதவரும் சாவடியைத் தவிர்த்து ஒற்றையடிப் பாதைகளில் செல்கின்றனர். அங்கே பிடிபட்டால் சட்டப்படி சுமந்திருக்கக்கூடிய அதே மூட்டை கடத்தல் பொருளாகிவிடுகிறது.

வரி நீங்கிய இடத்தில் வேறு தடைகள் முளைப்பதைப் பொருளியலாளர் சுங்கம் சாராத் தடைகள் என்பர். 2021 மார்ச்சில் கென்யாவின் வேளாண் ஒழுங்காணையம், பூஞ்சையால் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சைக் காரணம் காட்டி, உகாண்டா, தான்சானிய மக்காச்சோளத்தை ஒரே கடிதத்தில் தடை செய்தது. எல்லையில் லாரிகள் தேங்கி, அண்டை நாடுகள் கொதித்தெழ, சில நாட்களில் தடை நிபந்தனைகளோடு விலக்கப்பட்டது. அந்த நஞ்சு உண்மையானது, உயிரைக் குடிக்கக்கூடியது. ஆனால் அது கென்ய மக்காச்சோளத்திலும் உண்டு என்பதால், பொதுவான ஆய்வு முறையின்றி எல்லையில் மட்டும் விதிக்கும் தடை மக்கள் நலனை விடச் சந்தையையே காக்கிறது. இத்தகைய பிணக்குகளுக்கென்றே ஆருஷாவில் கிழக்கு ஆப்பிரிக்க நீதிமன்றம் இருக்கிறது. கென்யாவில் செய்த சிகரெட்டுக்கு உகாண்டா கூடுதல் கலால் வரி விதித்தது செல்லாது என்று 2019-இல் அது தீர்ப்பளித்தது. வழக்கைத் தொடுத்தது பன்னாட்டுப் புகையிலை நிறுவனம் ஒன்றின் கிளை. உறுப்பு நாடுகளில் வசிக்கும் எவரும் அங்கே வழக்குத் தொடரலாம், ஆனால் பாதிப்பு நேர்ந்த இரண்டு மாதங்களுக்குள் தொடர வேண்டும். மூட்டையைப் பறிகொடுத்த புசியாப் பெண்ணுக்கு அந்த உரிமை ஏட்டில் இருக்கிறது. ஆருஷாவுக்குப் போகும் பேருந்துக் கட்டணமே அவருடைய பல நாள் வருமானம்.

உகாண்டாவுக்குள் சாலை கரும்புத் தோட்டங்களைக் கடந்து ஜின்ஜாவில் நைல் நதியைத் தாண்டிக் கம்பாலாவை அடைகிறது. ஜின்ஜாச் சர்க்கரைக்கும் மேற்கு உகாண்டாவின் பாலுக்கும் கென்யாவே பெரிய சந்தை. அவை இரண்டுமே அங்கே மீண்டும் மீண்டும் நிறுத்தப்பட்டிருக்கின்றன. வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், வெளிநாட்டுச் சர்க்கரையே உகாண்டாச் சாக்கில் வருகிறது என்ற ஐயம். சுங்க ஒன்றியம் முழுமையாக இருந்திருந்தால் இந்த ஐயத்துக்கே இடமிருக்காது: தடையற்ற வணிகப் பகுதியில் ஒவ்வொரு நாடும் தன் வெளிவரியைத் தானே வைத்துக்கொள்வதால் பிறப்பிடம் பார்க்க வேண்டும், ஒன்றியத்திலோ எந்த வாயிலில் நுழைந்தாலும் வரி ஒன்றே. ஆனால் ஒவ்வொரு ஜூலை முதல் நாளிலும், புதிய நிதியாண்டோடு சேர்ந்து, எந்த நாட்டுக்கு எந்தப் பொருளில் பொதுவரி நிறுத்தி வைக்கப்படுகிறது என்ற நீண்ட அரசிதழ்ப் பட்டியல் நடப்புக்கு வருகிறது. பொதுவரியிலிருந்து விலகல்கள் பெருகப் பெருக, பிறப்பிடச் சோதனையும் எல்லையில் மீண்டும் வந்து அமர்ந்துவிடுகிறது.

கம்பாலாவின் தெற்கே சாலை மீண்டும் ஒருமுறை நிலநடுக்கோட்டைக் கடந்து, மசாகா, இம்பராரா வழியாகக் கபாலேயின் படிக்கட்டு வயல் மலைகளுக்குள் நுழைகிறது. எல்லையில் உகாண்டாப் பக்கம் உள்ள ஊர் கத்துனா, ருவாண்டாப் பக்கம் அதே பெயரைச் சற்று மாற்றி ஒலிக்கும் கடுனா. இதுவரை இடப்புறம் ஓடிய லாரிகள் இங்கே வலப்புறத்துக்கு மாறுகின்றன. கிகாலி இங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஆப்பிரிக்கா முழுவதையும் ஒரே சந்தையாக்கும் கண்டம் தழுவிய தடையற்ற வணிகப் பகுதி உடன்படிக்கையில் 2018 மார்ச் 21 அன்று 44 நாடுகள் கையெழுத்திட்டது கிகாலியில்தான். அதற்குப் பதினொரு மாதங்கள் கழித்து, 2019 பிப்ரவரி இறுதியில், ருவாண்டா இந்த எல்லை வாயிலை லாரிகளுக்கு மூடியது. தன் குடிமக்கள் உகாண்டாவுக்குச் செல்லவும் தடை விதித்தது. சாலைப் பணி என்று முதலில் சொல்லப்பட்டாலும், ஒருவர் மற்றவரின் எதிரிகளுக்கு இடம் கொடுப்பதாக இரு அரசுகளும் சாட்டிய குற்றச்சாட்டே உண்மைக் காரணம். சமூகத்துக்குச் செயலகம், அமைச்சர் குழு, நீதிமன்றம் எல்லாம் இருந்தன; ஆனால் தலைவர்கள் மன்றத்தின் முடிவுகள் ஒருமித்த கருத்தாலேயே எடுக்கப்பட வேண்டும் என்பதால், பிணங்கி நிற்கும் உறுப்பு நாட்டைக் கட்டுப்படுத்த அவற்றால் இயலவில்லை. 2019 ஆகஸ்டில் இரு அதிபர்களும் இணக்கக் குறிப்பில் கையெழுத்திட்டது சமூகத்தில் சேராத அங்கோலாவின் தலைநகரான லுவாண்டாவில். அதன் பிறகும் இரண்டாண்டுகளுக்கு மேல் வாயில் திறக்கவில்லை. உகாண்டா அதிபரின் மகனும் அப்போதைய தரைப்படைத் தளபதியுமான முஹூசி கைனெருகாபா 2022 ஜனவரியில் கிகாலிக்கு வந்து அதிபர் பால் ககாமேயைச் சந்தித்துத் திரும்பிய சில நாட்களில், ஜனவரி 31 அன்று, எல்லை திறக்கப்பட்டது. முதலில் சரக்கு லாரிகள் கடந்தன. மலைக்கு அப்பால் உள்ள சந்தைக்குக் கூடையோடு நடந்து செல்பவர்கள் மேலும் பல வாரங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.